பிறவிக் குணம்

(மேட்டூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "பிறவிக் குணம்" என்பதாகும். கேட்பதற்கு இது ஏதோ வேதாந்த விசாரணை போலத் தோன்றும். வேதாந்தம் பேச எனக்கு யோக்கியதையும் கிடையாது, ஆசையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் இரவல் வாங்கிப் படித்ததேயாகும். ஆனால் இந்தப் பிறவிக் குணம் என்கிற சொல் வேதாந்தத்தோடு நின்றிருந்தால் நமக்கு ஒரு கவலையும் இல்லை. அது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கின்றது, பள்ளிக்கூடத்தில் இருக்கின்றது, கலியாணப் பேச்சில் இருக்கின்றது, ஜெயிலில் சோறாக்கும் இடத்தில்கூட இருக்கின்றது. ஒருவன் முதுகில் அடியாக வந்து விழுகிற சொல்லைப்பற்றி வேதாந்தி சும்மா இருந்துவிடலாம். நாம் சும்மா இருக்க முடியாது.

இதற்கு ஆதாரம் என்னவென்று கேட்டால் பழமொழிதான் வருகிறது. பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது என்கிறார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் வந்திருக்கும் தறிக்காரத் தோழர்களைக் கேட்கிறேன்: ஒரே நூலாயிருந்தாலும் பாவு ஓட்டுகிற கை, சாயம் போடுகிற கை, தறியில் உட்காருகிற கை மாறினால் சேலை மாறுமா, மாறாதா? நூல் தாயினுடையது, நெசவு யாருடையது? அன்றியும், எளிய வீட்டில் ஒரு பிள்ளை நன்றாய்ப் படித்து முன்னுக்கு வந்தால் உடனே "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்கிறார்கள். தாயைப் போலிருந்தால் நூலும் சேலையும். தாயைப் போலில்லாவிட்டால் சேறும் தாமரையும். இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற சாட்சியை எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா?

பிறவியில் ஒன்றுமே வருவதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையே ஆகும். இரத்தத்தில் ஏ, பி, ஓ என்று வகைகள் இருப்பதை 1900ஆம் ஆண்டு வாக்கில் லேண்ட்ஸ்டைனர் என்னும் வியன்னா டாக்டர் கண்டுபிடித்தார். அந்த வகை தாய் தகப்பனிடமிருந்து வருவது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை, நீலகிரி மலைவாசிகளிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் வடிவ இரத்த அணு, இவையும் அப்படி வருபவையே. கூச்சம், முன்கோபம், கணக்கில் விறுவிறுப்பு போன்றவற்றில்கூடப் பிறப்புக்கு ஓரளவு பங்கு உண்டு என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கு ஏது? அந்த வித்தியாசம் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலேயே இருக்கின்றதே! 1972இல் லெவான்டின் என்கிற அமெரிக்க விஞ்ஞானி பல தேசத்து மக்களின் இரத்தத்தில் உள்ள பிறவி வித்தியாசங்களை ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தார். மனிதருக்குள் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே இருப்பதாகக் கண்டார். ஆகவே இன்னாருக்கு இன்ன சுபாவம் என்று ஒரு தனி மனிதனைப்பற்றிச் சொன்னால் அதைப் பரிசீலிக்கலாம். இன்ன ஜாதிக்கு இன்ன குணம் என்று சொல்லும்போதுதான் புரட்டு ஆரம்பமாகின்றது.

அந்தப் புரட்டு நம் சேலம் ஜில்லாவில் என்ன செய்தது என்பதைச் சொல்லவே வந்தேன்.

1871இல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. முதலில் அது வட இந்தியாவுக்கு. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. இந்தச் சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயத்தைக் கவனியுங்கள். இந்தியாவில் தச்சன் மகன் தச்சனாகிறான். நெசவாளி மகன் நெசவாளியாகிறான். தொழிலெல்லாம் ஜாதிப்படி நடக்கின்றது. ஆகையால் குற்றம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட ஜாதிகளும் இருந்தாக வேண்டும் என்பதே அந்த நியாயம். இதை வெள்ளைக்காரன் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தானா? இல்லை, தோழர்களே! இங்கேயே நம் தலைமேல் இருந்த சரக்குதான் இது. பிறவியிலேயே ஒருவன் புரோகிதன், ஒருவன் அடிமை என்று மனுதர்மம் சொன்னதை அவன் எடுத்துக்கொண்டான். பிறவியிலேயே ஒருவன் திருடன் என்று கடைசி வரியை மட்டும் தானாக எழுதிச் சேர்த்தான். ஒரே கணக்குப் புஸ்தகம், இரண்டு கணக்கப்பிள்ளைகள்.

சட்டம் என்ன சொன்னது? ஒரு ஜாதியைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்கக்கூடாது. ஒரு குற்றமும் செய்யாதவனும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். அதனாலேயே மதுரைப் பக்கத்தில் இதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். குறித்த வேளையில் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊரைவிட்டு ஊர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் தடவை தண்டனையானால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. மூன்றாம் தடவை ஆயுளுக்கும் தீவாந்திரம். பட்டியலில் இல்லாத ஜாதிக்காரன் அதே திருட்டைச் செய்தால் இந்தக் கணக்குக் கிடையாது. இதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் ஒரு பெண் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள்.

நம் ஜில்லாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சீர்மரபினர் பட்டியல் என்று ஒன்று இருக்கின்றது. பழைய சட்டத்தில் மாட்டியவர்களின் சந்ததிகள் அதில் இருக்கிறார்கள். அதைப் படித்துப் பாருங்கள். சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர் என்று நம் ஊர்ப் பெயர்களாகவே வரும். உப்புக் குறவர் என்ற பெயரை ஒருதரம் நிதானமாய்ச் சொல்லிப் பாருங்கள். திருடுவதே குலத்தொழிலாயிருந்தால் பெயரில் உப்பு எப்படி வந்தது?

அவர்கள் உப்பு வியாபாரிகள், தோழர்களே! கடற்கரையில் உப்பு வாங்கிக் கழுதைமேலும் பொதிமாட்டின்மேலும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு வருவார்கள். உப்பைக் கொடுத்துத் தானியம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். சாலை இல்லாத ஊருக்கும் உப்பு போய்ச் சேர்ந்தது இவர்கள் காலால்தான். பெண்கள் கூடை முடைவார்கள், பாய் பின்னுவார்கள். சர்க்கார் உப்பைத் தன் ஏகபோகமாக்கி வரி போட்டது. 1862க்குள் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரை வரையில் ரயில் போய்விட்டது. ரயில் வண்டியோடு கழுதை போட்டி போட முடியுமா? பிறகு 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம். 1871 ஜனக்கணக்கில் அப்போதைய சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சம் பேர். 1881இல் பதினாறு லட்சம். மூன்றரை லட்சம் பேர் செத்தும் ஓடியும் குறைந்த ஜில்லாவில் வீடும் நிலமும் இல்லாமல் நடந்தே பிழைத்த கூட்டம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். அதற்குப்பின் 1882இல் காட்டுச் சட்டம். கூடைக்கு மூங்கில் வெட்டுவதும் குற்றமாயிற்று. உப்பும் போய், மாடும் போய், மூங்கிலும் போனபின் சிலர் திருடியிருக்கலாம். யாரும் திருடவேயில்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. பசித்தவன் எந்த ஜாதியிலும் திருடியிருக்கிறான். ஆனால் அந்தத் திருட்டுக்குக் காரணம் வயிறு என்று எழுத வேண்டிய இடத்தில் பிறவி என்று எழுதினார்களே, அதுதான் அக்கிரமம். வயிறு என்று எழுதியிருந்தால் உப்பு வரிக்கும் காட்டுச் சட்டத்துக்கும் ரயில் கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவு. பட்டியல் ஜாதியாரின் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்ச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. ஏன் பிரிக்க வேண்டும்? தாய் தகப்பனோடு இருந்தால் பிள்ளை கெட்டுவிடும், பிரித்து வைத்தால் திருந்திவிடும் என்பதற்காக! அப்படியானால் குணம் இரத்தத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கின்றது என்று சட்டம் எழுதினவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான் அல்லவா? ஒரு பக்கத்தில் பிறவித் திருடன்; மறு பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் போட்டால் திருந்துகிறவன். இந்த இரண்டும் ஒரே சட்டப் புஸ்தகத்தில்! ஆந்திரப் பக்கத்தில் ஸ்டூவர்ட்புரம் என்று ஒரு குடியேற்றம் வைத்து, எருகுலர் என்று அழைக்கப்படும் குறவர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். அவர்களைப் புகையிலைக் கம்பெனியில் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். குறைந்த கூலிக்கு ஆள் வேண்டியிருக்கும்போது பிறவிக் குணம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் செய்தவர்களின் சொந்த வீட்டுக் கதையையும் பார்ப்போம். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் நாட்டில் திருடினவர்களையும் மோசடி செய்தவர்களையும் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். முதல் கூட்டம் போய்ச் சேர்ந்தது 1788இல். கடைசிக் கப்பல் போனது 1868இல். ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபதினாயிரம் பேர். திருட்டு இரத்தத்தில் வருமானால் இன்று அந்தத் தேசத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாராவது வெளியே போக முடியுமா? அவர்களுடைய பேரன் பேத்திகள் விவசாயிகளாயும் வியாபாரிகளாயும் நீதிபதிகளாயும் ஆனார்கள். நிலம் கிடைத்தது, கூலி கிடைத்தது, ஆனார்கள். (அந்த நிலம் அங்கே முன்பே இருந்த பூர்வ குடிகளிடம் பிடுங்கியது என்பது இன்னொரு அக்கிரமம், அதை வேறு கூட்டத்தில் பேசலாம்.) கடைசிக் கப்பல் 1868, இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் 1871. மூன்றே வருஷம். தன் திருடனின் மகனுக்கு நிலம் கொடுத்த கை காயவில்லை. நம் உப்பு வியாபாரியின் மகனுக்குக் கைரேகை மை!

இத்தாலியில் லொம்பிரோசோ என்று ஒரு டாக்டர் இருந்தார். ஒரு கொள்ளைக்காரனின் மண்டையோட்டில் ஒரு குழியைப் பார்த்துவிட்டு, குற்றவாளிகள் பிறக்கும்போதே தனி உருவத்தோடு பிறக்கிறார்கள் என்று 1876இல் ஒரு புஸ்தகமே எழுதினார். தாடை இப்படி, காது இப்படி என்று. உலகம் கொஞ்ச காலம் அதைக் கொண்டாடியது. இங்கிலாந்தில் கோரிங் என்ற ஜெயில் டாக்டர் மூவாயிரம் கைதிகளை அளந்து, அவர்களைப் பட்டாளத்துக்காரர்களோடும் காலேஜ் மாணாக்கர்களோடும் ஒப்பிட்டு, திருடனுக்கென்று தனி மூஞ்சி ஒன்றும் கிடையாது என்று 1913இல் சொன்னார். மூவாயிரம் பேரை அளந்து கண்டுபிடித்ததை நம் சந்தைக்கடைப் பாட்டி ஒரு மூக்குத்தியைத் தொலைத்தே கண்டுபிடித்திருப்பாள்.

கிராமத்துப் பெரியவர்கள் என்னைக் கேட்பது வேறு ஒரு கேள்வி. "மாட்டுக்கு ஜாதி இல்லையா? பருகூர் மாடு வேறு, காங்கயம் காளை வேறுதானே? மனிதனுக்கு மட்டும் இல்லை என்கிறாயே" என்கிறார்கள். நல்ல கேள்விதான். பருகூர்க் கன்றைக் கொண்டுபோய்க் காங்கயம் மாடுகளோடு வளர்த்துப் பாருங்கள். அது செவலையும் வெள்ளையுமாகப் பருகூர் மாடாகவே வளரும். குறவர் குழந்தையைப் பிறந்த அன்றே ஒரு செட்டியார் வீட்டில் வளர்த்துப் பாருங்கள்; அது அந்த வீட்டுப் பேச்சைப் பேசி, அந்த வீட்டுக் கணக்கை எழுதும். செட்டியார் குழந்தையைக் குறவர் வீட்டில் விட்டால் கூடை முடையும். மேலும், மாட்டுக்கு இன்ன காளையைச் சேர்ப்பது என்று குணம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவன் ஒருவன் உண்டு. மனிதனிடம் யோக்கியனை மட்டும் பொறுக்கி யோக்கியனோடு சேர்த்த ஜாதி எது? கலியாணத்தில் நாம் பார்ப்பது ஜாதகம், நகை, நிலம். யோக்கியதையைப் பார்த்துப் பெண் கொடுத்த சம்பந்தி யாராவது இருந்தால் மேடைக்கு வரட்டும்.

ஜாதிக்குள்ளேயே கொண்டு கொடுப்பதால் பிறவியில் சேருவது ஒன்று உண்டு, அது நோய். ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஆபரேஷன் சமயத்தில் கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்து ஒன்று உடம்பில் சீக்கிரம் கரைவதில்லை. நெடுநேரம் மூச்சு விட முடியாமல் கஷ்டப்படுகிறார்கள். பல தலைமுறை தங்களுக்குள்ளேயே கலியாணம் செய்ததால் தங்கிய குறை இது. பணக்காரராகும் குணம் இரத்தத்தில் தங்கியதாக எந்த டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. நம் பக்கம் அக்காள் மகளைக் கட்டுவது உரிமை என்கிறோம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்துக்குள் கலியாணம் ஆனவர்கள். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் குழந்தைக்கு, ஒரே முன்னோரின் ஒரே மரபணு தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் இரட்டையாய் வந்து சேர எட்டில் ஒரு பங்கு இடம் உண்டு. பிறவி, பிறவி என்று பேசுகிறவர்கள் பேச வேண்டிய பிறவி விஷயம் இது. இதைப் பேசினால் மட்டும் கோபம் வருகின்றது.

நிற்க. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் ஒழிந்தது. சட்டம் போயிற்று, புத்தி போயிற்றா? 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தில் ஒரு நகை திருட்டுப் போயிற்று. இராஜாக்கண்ணு என்ற குறவர் தோழரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி விடாமல் போராடினார். சந்துரு என்ற வக்கீல், பின்னால் நீதிபதியானவர், வழக்கை நடத்தினார். போலீஸ் காவலில் அடிபட்டே இறந்தார் என்பது உறுதியாகி, சம்பந்தப்பட்ட போலீசார் தண்டனை அடைந்தார்கள். 2021இல் வந்த "ஜெய் பீம்" படத்தின் கதைக்கு மூலம் இதுவே. படத்தைப் பார்த்து அழுதவர்கள் அனேகம். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, தெருவில் கூடை விற்க வந்த பெண்ணைப் பார்த்ததும் செம்பை எடுத்து உள்ளே வைத்தவர்களும் அனேகம்.

ஜெயிலுக்குள்ளேயும் இதே கதைதான். பல மாநிலங்களின் ஜெயில் விதிப் புஸ்தகங்களில், சமையல் வேலை மேல்ஜாதிக் கைதிக்கு, கூட்டித் துடைப்பது இன்ன ஜாதிக் கைதிக்கு என்று இருந்தது. பழைய பட்டியல் ஜாதியாரை வாடிக்கைக் குற்றவாளிகளாகவே வைத்து நடத்தவும் வழி இருந்தது. 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட் இவை செல்லாதென்று தீர்ப்புச் சொன்னது. கொலை செய்துவிட்டு வந்தவனுக்குப் பிறவிச் சுத்தம் கெடவில்லையாம், சமைக்கலாமாம்! சில்லறைத் திருட்டுக்கு வந்தவன் பிறவியால் கக்கூஸ் கழுவ வேண்டுமாம்! இந்த ஞாயம் நடந்தது மனு காலத்தில் அல்ல. நாம் கையில் செல்போன் வைத்திருக்கும் காலத்தில்.

வெள்ளைக்காரனையும் பார்ப்பானையும் போலீசையும் சொன்னபோது நீங்கள் கை தட்டினீர்கள். இப்போது உங்களைச் சொல்லுகிறேன். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோரைச் சாஸ்திரம் சூத்திரன் என்கிறது. புத்தி மட்டு, உழைக்கவே பிறந்தவன் என்கிறது. அதைக் கேட்டால் நமக்கு இரத்தம் கொதிக்கின்றது. கொதிக்க வேண்டியதுதான். அதே வாயால், களத்தில் கோழி காணாமல் போனால் "குறவன் வேலையாய்த்தான் இருக்கும்" என்கிறோம். பிள்ளையைத் திட்டும்போது "குறப்புத்தி" என்கிறோம். தலைமேல் இருக்கிறவனின் பிறவிப் பெருமை பொய்யென்றால் காலடியில் இருக்கிறவனின் பிறவி இழிவும் பொய்தானே? ஒன்றை மட்டும் கிழித்துவிட்டு மற்றதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவன் சுயமரியாதைக்காரன் அல்லன். மேலே ஏற இடம் தேடுகிறவன்.

இந்த மேட்டூரில் நின்றுகொண்டு பிறவித் தொழிலையும் பிறவிக் குணத்தையும் நம்புவதென்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் நம்ப வேண்டும். 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை இது. 5,300 அடி நீளம். தென்னாட்டில் ஏரிக்கரை, கால்வாய், கற்கட்டு என்றால் பெரும்பாலும் ஒட்டர்கள் கை பட்டு எழுந்தவை. அந்த ஒட்டர்களிலும் சூரமாரி ஒட்டர் என்று ஒரு பிரிவார் நம் ஜில்லாவில் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கல் சுமந்தவனுக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது! பதினாறு கண் மதகைத் திறந்து மூடும் வேலை எந்த வருணத்துக்கு உரியது? கெமிக்கல் கம்பெனி 1936இல் வந்தது. அனல் மின்சார நிலையம் 1987இல் ஓட ஆரம்பித்தது. பாய்லர் பார்க்கும் குலம் எது? நீர்த்தேக்கத்தில் பரிசலேறி வலை போடுகிறார்களே, இவ்வளவு பெரிய தண்ணீரே 1934க்கு முன் இங்கே இல்லை. இந்தத் தண்ணீருக்கான பிறவிக் குணம் எங்கிருந்து வந்தது? தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தி தலையைக் காட்டும், பார்த்திருப்பீர்கள். கோயிலிலிருந்த நந்திக்கு நகரத் தெரியவில்லை, மூழ்கிற்று. ஊர் மூழ்கிய மனிதன் மேட்டுக்கு நகர்ந்தான், பாட்டன் செய்யாத தொழிலைப் பழகினான், பிழைத்தான்.

கடைசியாக ஒரு காரியம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பாருங்கள். ஜாதிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பினார்களென்றால் தாசில்தார் ஆபீசுக்கு நீங்களும் கூடப் போங்கள். எழுதத் தெரிந்த இளைஞர்கள் மனு எழுதிக் கொடுங்கள். ராத்திரியில் யாரையாவது சந்தேகத்தின்பேரில் வண்டியில் ஏற்றினால் எந்த ஸ்டேஷனுக்கு, எந்த வழக்குக்கு என்று நாலு பேர் கூட நின்று கேளுங்கள். கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கின்றது.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். பெயர் போடாவிட்டாலும் பதில் உண்டு. மேச்சேரி, கொளத்தூர்ப் பக்கம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களின் சீட்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.